திருச்சியா, மதுரையா, அகமதாபாத்தா? ஐந்து நாள் லீவோடு கொழும்பில் குழம்புகிறவர்களுக்கு

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர், போன மாதம் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று ஊர்ப் பெயர்களை எழுதி என் முன்னால் தள்ளினார். திருச்சி, மதுரை, அகமதாபாத். "அண்ணே, நீங்கள் மூன்றுக்கும் போய் வந்திருக்கிறீங்க. ஒன்றைச் சொல்லுங்க, டிக்கெட் போட்டுவிடுறேன்."

அவருடைய அம்மாவுக்கு ஸ்ரீரங்கம் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் வரலாறும் சித்திரமும் படிக்கும் மகளுக்கு அகமதாபாத். மனைவி மதுரை என்கிறார். ஏன் என்று கேட்டால் "சுங்குடி" என்று ஒரே சொல், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைச் சேலை. அவருக்கோ, இருபது வருடமாகத் தான் விற்கிற துணி எங்கே, எப்படி உருவாகிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாலு பேர், ஐந்து நாள், ஒரே பட்ஜெட்.

இதே கேள்வியை வெள்ளவத்தையில் இரண்டு பேரும் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெறும் கோயில் யாத்திரையும் வேண்டாம், வெறும் ஷொப்பிங்கும் வேண்டாம், பழைய நகரமாகவும் இருக்க வேண்டும், இன்றைக்கும் தொழில் நடக்கிற ஊராகவும் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய விருப்பமும். அதற்குக் கோயம்புத்தூர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அங்கே ஆலைகள் நிறைய, பேரூர் கோயிலும் இருக்கிறது. ஆனால் காலால் நடந்து பார்க்கிற பழைய நகரம் குறைவு. காஞ்சிபுரம் அருமையான ஊர், ஆனால் சென்னைக்குப் போகிறவர்கள் ஒரு நாளில் பார்த்துத் திரும்புவார்கள். அதனால் இந்த மூன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

எதை வைத்து அளப்பது?

முதலில், கூட வருகிறவர்கள் யார்? முழங்கால் வலி உள்ள அம்மா வந்தால் ஊர்க் கணக்கே மாறிவிடும். இரண்டாவது, தொழில் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா, இல்லை மதிலுக்குப் பின்னால்தான் இருக்குமா? தொழில் நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்குப் போய், ஐந்து நாளும் ஆலைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது, டிக்கெட் விலையில் தெரியாத செலவுகள். நான்காவது, மொழியும் சாப்பாடும். ஐந்தாவது, எந்த மாதம். கடைசியாகச் சொன்னாலும் இதுதான் மற்ற நான்கையும் கவிழ்க்கக்கூடியது.

எந்த ஊருக்குப் போனாலும் வரும் மறைமுகச் செலவு

ஊர்களுக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன், மூன்றுக்கும் பொது.

மதுரையில் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு, இரண்டு பிள்ளைகளோடு, கோயிலுக்குப் பக்கத்தில் இணையத்தில் பதிவு செய்திருந்த ஒரு லொட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த தம்பி சிரித்த முகமாகத்தான் பேசினார். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஃபாரினருக்கு ரூம் கொடுக்கிறது இல்லைங்க." நாங்கள் தமிழ்தானே பேசுகிறோம் என்றேன். "தமிழ் பேசினாலும் பாஸ்போர்ட் வெளிநாடுங்களே" என்றார், அதுவும் மரியாதையாகத்தான். விஷயம் இதுதான்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர் தங்கினால், ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை 'சி ஃபார்ம்' என்ற படிவத்தில் அரசுக்குக் கொடுக்க வேண்டும். சின்ன லொட்ஜுகள் அந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடும். அன்றைக்கு இரவு நாங்கள் எடுத்த அறை, முதலில் போட்டதைவிட இரண்டு மடங்கு விலை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டு, "இலங்கைப் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். மலிவான அறையை நம்பிப் பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள்.

அடுத்தது காசு. நமது ரூபாயை அங்கே தெருவில் மாற்ற முடியாது, டொலரோடு போங்கள். தேங்காய் விற்கிற பாட்டிகூட கியூஆர் அட்டையைத்தான் காட்டுவார். நம்மிடம் அந்த வசதி இருக்காது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். முதல் நாளே ஐம்பது, நூறு என்று மாற்றி வைத்துக்கொண்டால் ஓட்டோக்காரரோடு வாக்குவாதம் குறையும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும், டிக்கெட் வாங்க வேண்டிய இடங்களில், இலங்கை உட்பட்ட சார்க் நாட்டுக்காரர்களுக்கு இந்தியர்களின் கட்டணமே. வெளிநாட்டவர் வரிசையில் போய் நின்று பல மடங்கு கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். விசாவைப் பொறுத்தவரை, இ-விசா ஏற்கும் விமான நிலையங்களின் பட்டியலில் மூன்று ஊர்களும் உண்டு. என்றாலும் விண்ணப்பிக்கும் அன்றைக்கு அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாடு

கட்டுநாயக்கவில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சீட் பெல்ட்டைக் கழற்றிச் சாப்பாட்டுத் தட்டை முடிப்பதற்குள் காவிரி தெரியும். புதிய முனையம் 2024இல் திறந்தபிறகு குடிவரவு வரிசையில் நிற்பதும் முன்புபோல் பெரும்பாடாக இல்லை. ஆனால் ஒன்று: இந்த வழித்தடத்தில் 'குருவி'களும், அதாவது சாமான் கடத்துகிறவர்களும், பறக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது, "ஒரு சின்னப் பார்சல்தான், வெளியே எங்கட ஆள் வந்து வாங்குவார்" என்று யாராவது கெஞ்சினால் காது கேட்காதவர்போல் இருந்துவிடுங்கள்.

ஸ்ரீரங்கம் ஒரு கோயில் என்பதைவிட ஓர் ஊர் என்றே சொல்லலாம். ஏழு பிராகாரங்கள், 156 ஏக்கர், 21 கோபுரங்கள். வெளிப் பிராகாரங்களுக்குள் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது. நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 236 அடி உயரத்துக்கு எழுந்து முடிந்தது 1987இல்தான். அது பழையது என்று நினைத்துப் படம் எடுக்கிறவர்கள் அதிகம். திருவானைக்காவல் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லணைக்கு ஓட்டோவோ காரோ பிடித்தால் அரை நாள் போதும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் காலையில் போய்ப் பொழுதுசாயத் திரும்பலாம்.

சரி, தொழில்? திருச்சியில் தொழில் பெரியது, ஆனால் கூச்ச சுபாவம் உள்ளது. திருவெறும்பூரில் 1960களில் வந்த பெல் (BHEL) என்ற அரசு நிறுவனம் மின்நிலையங்களுக்கான ராட்சதக் கொதிகலன்களைச் செய்கிறது. அதைச் சுற்றி ஏராளமான சின்னப் பட்டறைகள். தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸில் போனால் நீண்ட மதிலும், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் மோட்டார் சைக்கிள் கூட்டமும் தெரியும். உள்ளே சுற்றுலாப் பயணிக்கு இடமில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையும் அப்படித்தான். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1928இல் இங்கே வந்தது. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்ததும் இதுதான். 1946 செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்தார்கள். இதையெல்லாம் வாசித்துவிட்டுப் போனால்தான் ரசிக்க முடியும். வெறுமனே போனால் ஒரு கேட்டும் காவலாளியும்தான். ஈடாக, ஜங்ஷனுக்குக் கிட்ட ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

கொழும்புக்காரர்களுக்குத் திருச்சியோடு இன்னொரு தொடர்பும் உண்டு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பிய இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904இல் தலைமையகம் வைத்தது இங்கேதான். பிறகு 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல வந்து தங்கியதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். மலையகத்து வேர் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு பெரியம்மாவோ மாமாவோ இருக்கக்கூடும். மறைமுகச் செலவுப் பட்டியலில் நான் உறவினரையும் சேர்ப்பேன். அறை வாடகை மிச்சம் என்று நினைப்பீர்கள். ஆனால் ஐந்து நாளில் மூன்று நாள் விருந்திலேயே போய்விடும், வெறுங்கையோடும் போக முடியாது. அது வேண்டியதுதான் என்றால் திருச்சியை மிஞ்ச ஊர் இல்லை.

இன்னொரு இடம் உறையூர். பழைய சோழத் தலைநகர். 2,000 வருடத்துக்கு முன்னால் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வணிகக் கையேட்டிலேயே இந்த ஊரின் மெல்லிய பருத்தித் துணி பேசப்படுகிறது. இன்றும் அங்கே கைத்தறிச் சேலை உண்டு. ஆனால் தறி பார்க்கத் தெருவுக்குள் விசாரித்துத்தான் போக வேண்டும்.

மதுரை: கோயில்தான் மையம், தெருதான் பட்டறை

இதற்கும் கொழும்பிலிருந்து நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரமும் ஏறக்குறைய அதே. ஆனால் மதுரையில் தொழில் மதிலுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கவில்லை. நீங்கள் நடக்கும் தெருவிலேயே நடக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று நாள் மட்டும் கையில் உள்ளவர்களை நான் மதுரைக்கு அனுப்புவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் 'ஹார்வி மில்' என்றே சொல்வார்கள். டிவிஎஸ் குழுமம் 1911இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். ஆனால் பார்க்க வேண்டியது அவை அல்ல. சௌராஷ்டிரர்கள் வாழும் தெருக்களில் ஒரு திண்ணையைத் தேடிப் பிடியுங்கள். நாயக்கர் காலத்தில் குஜராத் பக்கமிருந்து வந்து, இன்றும் வீட்டில் தங்கள் மொழியைப் பேசும் இந்தச் சமூகத்தாரின் கைவேலைதான் சுங்குடி.

நான் பார்த்த அன்று ஒரு வயதான அக்கா துணியைக் கவ்விப் பிடித்து, விரல் நகத்தால் துளியளவு கிள்ளி எடுத்து, நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து அடுத்த புள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகும் முடிச்சு அப்படியே இருக்கும். துணியை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் படபடவென்று பட்டாசு வெடிப்பதுபோல அவிழும். அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னேன். கடையில் 'சுங்குடி' என்று விற்பதில் பெரும்பகுதி அச்சு அடித்ததுதான். அசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாயம் கசிந்திருக்கும், துணியைத் தடவினால் முடிச்சுப் போட்ட இடம் சுருங்கித் தட்டுப்படும். விலையும் அதற்கேற்ப ஏறும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு தடவை தனியாகத் துவையுங்கள். என் மனைவியின் வெள்ளைச் சட்டையொன்று இந்தப் பாடத்துக்குப் பலியானது.

மீனாட்சி கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையைச் சொல்கிறேன். 2018இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு போன் உள்ளே கொண்டுபோக முடியாது. பாதுகாப்பறையில் வைத்து டோக்கன் எடுக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் ஒரு கோபுரத்தாலும் இன்னொருவர் வேறு கோபுரத்தாலும் வெளியே வந்துவிட்டால், போன் இல்லாமல் தேடுவது அரை மணி நேர வேலை. உள்ளே போகும் முன்பே 'எந்த வாசல்' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் நடை சாத்துவார்கள். அந்த நேரத்தைத் திருமலை நாயக்கர் மகாலுக்கோ காந்தி அருங்காட்சியகத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். காந்தி மேல்சட்டையைக் களைந்து வேட்டிக்கு மாறியது 1921இல் இந்த ஊரில்தான். கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த தையற்காரர்கள் இப்போது பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். பழைய நினைவோடு போகிறவர்கள் மண்டபத்தில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் நூல் நூற்கும் தக்களிகளும், எலும்பால் செய்த நெசவுக் கருவிகளும், எடைக்கற்களும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் வைத்திருக்கிறார்கள். காலையில் அந்தத் தக்களியைப் பார்த்துவிட்டு மாலையில் சுங்குடித் திண்ணைக்குப் போனால், இடையில் 2,000 வருடம் ஓடிப்போனதாகவே தோன்றாது. என் சிநேகிதருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

குறை என்ன? நெரிசல். கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடைபாதை இருக்கும், ஆனால் நடக்க இடம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் அறை வாடகை எகிறிவிடும். பதிவு செய்த அறையும் கைவிட்டுப் போன கதைகள் உண்டு. அப்புறம் சாப்பாடு. கறித்தோசை, கோனார் மெஸ் வகையறா, இரவில் ஜிகர்தண்டா என்று வயிற்றைக் காலி விடாத ஊர். இதைக் குறையில் சேர்ப்பதா நிறையில் சேர்ப்பதா என்பது உங்கள் வயதைப் பொறுத்தது.

அகமதாபாத்: தொலைவு அதிகம், பாடமும் அதிகம்

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். நான் சென்னையில் மாறிப் போனேன். வெளிநாட்டுப் பக்கம் இறங்கி, குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டுப் பக்கம் நடந்து, மறுபடி எடை போட்டு ஏற வேண்டும். இரண்டு விமானத்துக்கும் இடையில் மூன்று மணி நேரம்கூட எனக்கு நெருக்கடியாகத்தான் இருந்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்துவிடுங்கள். ஐந்து நாள் லீவில் மிஞ்சுவது மூன்று. உள்நாட்டு விமானத்தில் பெட்டியின் எடை வரம்பு குறைவு; துணி வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அது உறைக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் போக வேண்டும்? பழைய நகரமும் தொழில் நகரமும் ஒரே கதையாக இருக்கும் ஊர், இந்த மூன்றில் இதுதான். சுல்தான் அகமது ஷா 1411இல் கட்டிய ஊர். 1861இல் ரஞ்சோட்லால் சோட்டாலாலின் ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு புகைபோக்கிகள் வரிசையாக எழுந்து, இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வந்தது. 1917இல் சபர்மதிக் கரையில் காந்தி ஆசிரமம் அமைத்தார். மறு வருடமே ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு சம்பள உயர்வு கேட்டுப் போராடினார்கள். முதலாளிகள் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. காந்தி உண்ணாவிரதம் இருந்தபிறகே பிணக்கு மத்தியஸ்தத்துக்குப் போனது. ஆசிரமத்துக்கு ஆரம்பத்தில் பண உதவி செய்தவரும் அதே அம்பாலால்தான்! இந்தக் குடும்பக் கதை தெரியாமல் ஊரைப் பார்ப்பது, பாதி நாடகத்தில் நுழைவதுபோல.

முதல் காலை நகராட்சி நடத்தும் பாரம்பரிய நடைக்குப் போங்கள். காலுபூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, 'போல்' என்கிற குறுகலான குடியிருப்புச் சந்துகள் வழியாக ஜும்மா மசூதியில் முடியும். மரச் செதுக்கு வேலை செய்த வீட்டு முகப்புகள், சந்தின் நடுவே பறவைக்குத் தானியம் வைக்கும் உயரக் கூண்டு, ஒரு வீட்டுக்குள் நுழைந்து இன்னொரு தெருவில் வெளிவரும் இரகசிய வழி. 2017இல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது இந்தப் பழைய நகரத்தைத்தான். நடக்கவும் நிற்கவும் முடிந்தவர்களுக்கே இது. சந்துகளில் சக்கர நாற்காலி ஓடாது. அருகே சித்தி சையது மசூதியின் கல் ஜன்னல், 1573இல் செதுக்கியது. மரமும் கொடியும் பின்னிய அந்தக் கல்லுக்கு முன்னால் சித்திரம் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு எழும்பாது.

துணிக்காரர்களுக்குக் கோயில் எதுவென்றால், காலிகோ துணி அருங்காட்சியகம். சாராபாய் குடும்பம் 1949இல் தொடங்கியது. முன்பதிவு இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், படம் எடுக்கவும் முடியாது. விமான டிக்கெட் போடும் முன் இங்கே தேதி கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊருக்கு அந்த வரிசைதான் சரி.

ஆனால் ஆலை ஓடுவதைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். 1980களிலிருந்து, நூற்பும் நெசவும் ஒரே இடத்தில் நடந்த பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கிழக்கு அகமதாபாத்தில் புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கும், கீழே அடுக்குமாடி வந்திருக்கும். இப்போது டெனிமும், சாய வேலையும், மருந்து, ரசாயனமும் வட்வா, நரோடா போன்ற தொழிற்பேட்டைகளில் நடக்கின்றன. அவை சுற்றுலாவுக்கு இல்லை. ஆசிரம ரோட்டில் ஆலை உரிமையாளர் சங்கத்துக்காகக் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே கட்டிக்கொடுத்த 1954ஆம் ஆண்டுக் கட்டடம் இருக்கிறது; பணம் கொழித்த நாள்களின் கர்வம் அந்தக் கொங்கிரீட்டில் தெரியும்.

சாப்பாடு பெரும்பாலும் சைவம், அதிலும் பருப்பிலேயே இனிப்பு. மாணிக் சௌக் பகலில் நகைக் கடை, இரவில் தின்பண்டச் சந்தை. நம் செட்டியார் தெரு இரவில் அப்படியே சாப்பாட்டுத் தெருவானால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மீன்குழம்புக்கு மனம் ஏங்கும். குஜராத்தில் மதுவிலக்கு, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு போத்தலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். மொழி ஹிந்தியும் குஜராத்தியும். மணிநகர்ப் பக்கம் ஆலை வேலைக்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் தமிழ் கேட்டதும் நான் இரண்டாவது தேநீர் குடித்தேன்.

ஒரே பார்வையில்

| | திருச்சி | மதுரை | அகமதாபாத் |
|---|---|---|---|
| போக்குவரத்து | நேரடி, சுமார் 1 மணி | நேரடி, சுமார் 1 மணி | மாறிப் போனால் ஒரு நாள் |
| குறைந்தபட்ச நாள் | 3 | 3 | 5 |
| தொழில் கண்ணில் படுமா | குறைவு. ரயில் அருங்காட்சியகம் | அதிகம். தெருவிலேயே | அருங்காட்சியகமாக, கதையாக |
| முதியவருக்கு | நல்லது (படி ஏற வேண்டிய மலைக்கோட்டைக் கோயில் தவிர) | நெரிசலைப் பொறுத்தது | சிரமம் |
| மொழி | தமிழ் | தமிழ் | ஹிந்தி, குஜராத்தி |
| எதிர்பாராத செலவு | உறவினர், பரிசுகள் | திருவிழாக்கால அறை | இரண்டாம் விமானம், பெட்டி எடை |
| தவிர்க்க வேண்டியது | வைகுண்ட ஏகாதசி நெரிசல் | சித்திரைத் திருவிழா (அதற்காகவே போனால் ஒழிய) | ஏப்ரல் முதல் ஜூன் வரை |

மாதக் கணக்கு

நம் பிள்ளைகளின் லீவு பொதுவாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஏப்ரலில் புத்தாண்டு லீவென்று எல்லோரும் கிளம்புவோம், அதுதான் மூன்று ஊருக்கும் மோசமான மாதம். திருச்சியும் மதுரையும் கொதிக்கும், அகமதாபாத் அதைவிட. 2010 மே மாத வெப்ப அலையில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபிறகே, வெயிலுக்கென்று தனித் திட்டம் வகுத்த ஊர் அது. ஓகஸ்டில் அகமதாபாத்தில் மழை. திருச்சியும் மதுரையும் ஓகஸ்டில் சூடாக இருந்தாலும் சமாளிக்கலாம். டிசம்பரில் தமிழ்நாட்டில் மழை குறுக்கிடலாம், ஆனால் அகமதாபாத்துக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. காலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஜனவரி 14இல் போனால் வானமே தெரியாத அளவுக்குப் பட்டம். தீபாவளியை ஒட்டிப் போகாதீர்கள். அங்கே புத்தாண்டு என்று கடைகளைச் சில நாள்கள் பூட்டிவிடுவார்கள், துணி வாங்கப் போனவர் பூட்டைத்தான் பார்ப்பார்.

யாருக்கு எது

அம்மா, அப்பாவோடு முதல் தடவை இந்தியா போகிறவர்கள் திருச்சி. கையில் மூன்று நாள்தான், கூடவே சேலைக் கணக்கும் இருக்கிறதென்றால் மதுரை. தமிழ்நாட்டை ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பார்த்தவர்கள், துணி வியாபாரத்தில் இருக்கிறவர்கள், கட்டடக்கலையோ வரலாறோ படிக்கும் பிள்ளை உள்ளவர்கள், டிசம்பரில் ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் அகமதாபாத். என்னைத் தனியாகப் போகச் சொன்னால் நான் அகமதாபாத்துக்குத்தான் போவேன். என் அம்மாவோடு என்றால் ஒருபோதும் இல்லை.

நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. திருச்சியில் இறங்கி மதுரையில் ஏறுவது. இரண்டுக்கும் இடையே சுமார் 130 கிலோமீட்டர்தான், காரில் இரண்டரை மணி நேரத்துக்குள். போக ஒரு ஊர், வர ஒரு ஊர் என்று டிக்கெட் எடுத்தால் சில நாள்களில் கொஞ்சம் கூடும். ஆனால் திரும்பி வந்து ஒரு நாளை வீணாக்குவதைவிட அது மலிவு. இரண்டு நாள் ஸ்ரீரங்கமும் கல்லணையும், மூன்று நாள் மதுரையும் கீழடியும்.

சிநேகிதர் ஓகஸ்டுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார். அகமதாபாத்தை மகளின் பரீட்சை முடிந்தபிறகு, அப்பாவும் மகளும் மட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்த பிறகு மறுபடி போன் பண்ணினார், அம்மா மலைக்கோட்டை ஏறியே ஆவேன் என்கிறாராம். நானூறுக்கு மேல் படி என்று சொன்னேன். "அதைச் சொன்னதும்தான் அண்ணே கூடப் பிடிவாதம் பிடிக்கிறா." அப்படியானால் காலை ஆறரைக்கே கூட்டிப் போங்கள், பாறை சுடாது. பாதியில் தாயுமானவர் சந்நிதி வரும், அங்கே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய் வரலாம். அதுவும் முடியாவிட்டால் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் இருக்கிறார், பக்கத்தில் நல்ல காப்பிக் கடையும் இருக்கிறது.